சம்பளம் கூடியும் கை காலி, கார் வாங்கலாமா?

கேள்வி: மதுரை ஆனையூரில் வாடகைக்கு இருக்கிறோம். 4 வருடத்துக்கு முன் சம்பளம் 24,000, இப்போது 42,000. வாடகை 6,000-லிருந்து 9,500 ஆகிவிட்டது. வண்டித் தவணை 4,300, போன் தவணை 2,100. கிரெடிட் கார்டில் 38,000 நிற்கிறது. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி வருகிறேன். அன்றும் மாதக் கடைசியில் கை காலி, இன்றும் காலி. வீட்டில் கார் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். காரணத்தை உங்கள் எண்களிலேயே பார்ப்போம்.

விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியதாக வைத்தாலே, அன்று 24,000-த்தில் ஓடிய குடும்பத்துக்கு இன்று 29,000-க்கு மேல் வேண்டும். ஆக, உண்மையில் உங்களுக்குக் கூடியது 18,000 இல்லை, 13,000-க்கும் சற்றுக் குறைவு. அதில் இரண்டு தவணைகளுமே 6,400-ஐ எடுத்துக்கொள்கின்றன. விலைவாசியைவிட வேகமாக ஏறிய வாடகைக்கு இன்னொரு 2,200. எனவே ஊதாரித்தனம் என்று உங்களையோ வீட்டில் இருப்பவர்களையோ நொந்துகொள்ள வேண்டாம். ஒருமுறை ஓட்டலில் சாப்பிட்ட செலவு அன்றோடு முடிந்துவிடும். மாதாமாதம் வந்து நிற்கும் செலவுதான் சம்பள உயர்வைச் சாப்பிடுகிறது.

அவசரமாக அடைக்க வேண்டியது கார்டு. மாதம் 3.5 சதவீதம் என்றால் 38,000-க்கு வட்டி 1,330. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நீங்கள் 1,900 கட்டினால் அசலில் குறைவது 330 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். நகை இருந்தால் வங்கியில் அடகு வைத்துக் கார்டை மொத்தமாக அடைத்துவிடுங்கள். வருடத்துக்கு 42 சதவீதத்தோடு ஒப்பிட்டால் வங்கி நகைக் கடன் வட்டி எவ்வளவோ குறைவு. ஆனால் அடைத்த கையோடு கார்டை முடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கடன் ஆகிவிடும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன்: செய்முறைக்கு, அதாவது அடுத்தவர் வீட்டு விசேஷங்களில் வைக்கும் மொய்க்கு, எவ்வளவு போகிறது? நம் பக்கத்தில் சம்பளம் கூடியது தெரிந்தாலே மொய்யும் கூட வேண்டும் என்றாகிவிடுகிறது. உங்கள் வீட்டு விசேஷத்து மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதில் வந்ததைத் திருப்பிச் செய்வது கடன். அதில் கைவைக்கச் சொல்ல மாட்டேன். அதற்குமேல் 500 போடுவதா, 2,000 போடுவதா என்பது உங்கள் முடிவு. நீங்கள் இன்று கூட்டிப் போட்டால், நாளை அவர்களும் கூட்டிச் செய்தாக வேண்டும். கல்யாண முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள். ஆவணியிலும் தையிலும் கார்டைத் தேட வேண்டியிருக்காது.

இனி கார். 7 லட்சம் கடன், 9.5 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் தவணை சுமார் 11,400. வட்டி மட்டும் 2.6 லட்சம். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் தனி. வண்டித் தவணை முடிந்த மாதமே அந்த 4,300-ஐ வங்கி ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடத் தொடங்குங்கள், சம்பளம் கணக்கில் வந்த மறுநாளே தானாகப் பிடிக்கும்படி. தபால் நிலைய ஆர்.டி.யை 3 வருடத்துக்கு முன் முடிக்க முடியாது என்பதால் இதற்கு வங்கிதான் வசதி. போன் தவணை முடிந்ததும் அந்த 2,100-ஐயும் சேருங்கள். அடுத்த சம்பள உயர்வில் பாதியையும் சேர்த்து, மாதம் 11,400 கட்டி ஒரு வருடம் திணறாமல் ஓடினால், முன்பணத்தோடு ஷோரூமுக்குப் போகலாம்.