மெடிகேர் பார்ட் டி: மருந்துக் காப்பீடு பற்றி ஏஜென்ட் எதுவரை பேசலாம்?

அமெரிக்காவில் 65 வயது தாண்டியவர்களுக்கு மெடிகேர் பிளான் விற்கும் தமிழ் ஏஜென்ட்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும். மெடிகேர் என்பது அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு; பார்ட் டி அதன் மருந்துப் பகுதி. விதிகளும் டாலர் கணக்கும் 2026 திட்ட ஆண்டுக்கானவை. வருடா வருடம் மாறும் சமாச்சாரம் என்பதால் அடுத்த சீசனுக்கு இதையே வைத்து ஓட்டாதீர்கள்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்ஸி): என் கிளையன்ட் மாமா ஒருவர் தன் நண்பரின் நம்பரைக் கொடுத்து, "அவருக்கும் மருந்து பிளான் வேணுமாம், கூப்பிட்டுப் பேசுங்க" என்கிறார். கூப்பிடலாமா சார்?

பதில்: கூடாது. அந்த நண்பர் உங்களுக்கு அனுமதி தரவில்லை. மாமா தந்த அனுமதி செல்லாது. போன், குறுஞ்செய்தி, வாய்ஸ்மெயில், கதவைத் தட்டுவது எல்லாம் ஒரே கணக்குதான். உங்கள் விசிட்டிங் கார்டை மாமாவிடம் கொடுங்கள், நண்பரே அழைக்கட்டும். கேட்காமலே அனுப்ப அனுமதி உள்ளவை தபாலும் மின்னஞ்சலும் மட்டும். மின்னஞ்சலில் 'இனி அனுப்ப வேண்டாம்' என்று சொல்ல வழி இருக்க வேண்டும்.

கேள்வி (டாலஸ், புதிதாக உரிமம் எடுத்தவர்): ஸ்கோப் ஆஃப் அப்பாயின்ட்மென்ட் படிவத்தை (எந்த வகை பிளான் பற்றிப் பேசலாம் என்று கிளையன்ட் கையெழுத்திடுவது) சந்திப்புக்கு 48 மணி நேரம் முன்பே வாங்க வேண்டும் என்கிறார்கள். டிசம்பர் 6-ஆம் தேதி ஒருவர் வந்தால் என்ன செய்வது?

பதில்: சேர்க்கைக் காலத்தின் கடைசி நான்கு நாட்களுக்கு 48 மணி நேர விதி கிடையாது. வருடாந்திர சேர்க்கை அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை என்பதால் டிசம்பர் 4 முதல் 7 வரை காத்திருக்க வேண்டாம். முன்பதிவு இல்லாமல் தானாக ஆபீசுக்கு நடந்து வருபவருக்கும் விலக்கு உண்டு. இரண்டிலும் காத்திருப்புக்குத்தான் விலக்கு, படிவத்துக்கு இல்லை. பேச்சைத் தொடங்கும் முன் கையெழுத்து வாங்கியே ஆக வேண்டும்.

புதியவர்கள் அதிகம் வழுக்குவது வேறு இடத்தில். படிவத்தில் 'பார்ட் டி' மட்டும் குறித்திருந்தால் மெடிகேர் அட்வான்டேஜ் (தனியார் கம்பெனி வழியாக வரும் மெடிகேர்) பக்கம் போகக் கூடாது. பெரியவரே அதைக் கேட்டால் புதிதாக ஒரு படிவம் போட்டுவிட்டுப் பேசுங்கள். ஆயுள் காப்பீடு, ஆனுவிட்டி போன்றவற்றை அந்தச் சந்திப்பில் எடுக்கவே கூடாது.

போனில் விற்றால் அழைப்பு பதிவாக வேண்டும். பதிவை 10 வருடம் வைத்திருக்க வேண்டும். உங்கள் பகுதியில் உள்ள எல்லா பிளானையும் நீங்கள் விற்கவில்லை என்றால், எத்தனை கம்பெனி, எத்தனை பிளான் உங்களிடம் உண்டு, முழு விவரத்துக்கு 1-800-மெடிகேர் எண்ணையோ மாநில இலவச ஆலோசனை மையமான ஷிப்பையோ கேட்கலாம் என்ற அறிவிப்பு முதல் நிமிடத்துக்குள் வர வேண்டும். கம்பெனி ஒப்புதல் தந்த தமிழ் வாசகம் கையில் இல்லையா? ஆங்கில வாசகத்தை ஒரு சொல் விடாமல் படித்துவிட்டு, பிறகு தமிழில் விளக்குங்கள். சொந்தமாகச் சுருக்க வேண்டாம்.

கேள்வி (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா): மருந்து லிஸ்ட் எடுக்கும்போது எதெதைக் கேட்க வேண்டும்? நான் பெயரையும் மில்லிகிராமையும் மட்டும் குறிப்பேன்.

பதில்: போதாது. டப்பாவைக் கையில் எடுத்து லேபிளைப் படிக்கச் சொல்லுங்கள். வேண்டியவை: மருந்தின் முழுப் பெயர், அளவு, வடிவம், ஒரு தடவைக்கு எத்தனை மாத்திரை, அது எத்தனை நாளுக்கு.

'முழுப் பெயர்' என்று அழுத்துவதற்குக் காரணம் உண்டு. "மெட்டோப்ரோலால் 50" என்பார்கள். மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் என்றால் வழக்கமாக நாளுக்கு இரண்டு வேளை. மெட்டோப்ரோலால் சக்சினேட் ஈ.ஆர். என்றால் ஒரு வேளை. பிளான்களை ஒப்பிடும் மெடிகேர் இணையக் கருவியான பிளான் ஃபைண்டரில் இரண்டும் தனித்தனி மருந்து; படியும் (பிளான் மருந்தை வைக்கும் விலை அடுக்கு) விலையும் வேறாக வரலாம். இப்படி ஒன்று தவறினால் ஜனவரியில் மருந்துக் கடை கவுன்டரிலிருந்து உங்களுக்குப் போன் வரும்.

அடுத்து, அவர் போகும் கடையைக் கேளுங்கள். பிளானின் 'ப்ரிஃபர்ட்' கடையில் ஒரு விலை, சாதாரண நெட்வொர்க் கடையில் வேறு விலை. அவர் கடையோடு இன்னும் ஒன்றிரண்டையும், தபால் வழி மருந்தகத்தையும் போட்டுப் பாருங்கள். பிறகு மாத பிரீமியத்தை வைத்து வரிசைப்படுத்தாமல், 12 மாத பிரீமியமும் மருந்துச் செலவும் சேர்ந்த வருட மொத்தத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். பிரீமியமே இல்லாத பிளான் சில சமயம் பட்டியலின் அடியில் போய் உட்காரும்.

ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று தடைகளைப் பார்த்துச் சொல்லுங்கள்: முன் அனுமதி வேண்டுமா, முதலில் வேறு மருந்தை முயன்று பார்க்கும் ஸ்டெப் தெரபி உண்டா, அளவுக்கு வரம்பு உண்டா. டிடக்டிபிள், அதாவது பிளான் பணம் தரத் தொடங்கும் முன் அவரே கட்டுவது, அதிகபட்சம் 615 டாலர். பல பிளான்கள் முதல் இரண்டு படிகளுக்கு அதைப் போடுவதில்லை. இன்சுலினுக்கு டிடக்டிபிள் கிடையாது, ஒரு மாத சப்ளைக்கு 35 டாலருக்கு மேல் வாங்கவும் முடியாது.

கேள்வி (அட்லான்டா): சென்னையிலிருந்து வாங்கி வந்த மாத்திரைகளைத்தான் பல பெரியவர்கள் காட்டுகிறார்கள். அதை எப்படி ஏற்றுவது?

பதில்: பிராண்ட் பெயரைத் தேடினால் கிடைக்காது. அட்டையின் பின்புறம் உள்ள மூலப் பெயரைத் தேடுங்கள். டெல்மா 40 என்றால் டெல்மிசார்டன், கிளைகோமெட் என்றால் மெட்ஃபார்மின், இவை சுலபம். சிக்கல் வருவது வில்டாக்ளிப்டின், டெனெலிக்ளிப்டின் போன்றவற்றில். இவற்றுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. ஒப்புதல் இல்லை, அதனால் எந்தப் பார்ட் டி பிளானிலும் இருக்காது. "அதே குடும்பத்து ஜனுவியா இருக்கே, அதைப் போட்டுப் பார்க்கிறேன்" என்று நீங்களாக மாற்றாதீர்கள். அது மருத்துவர் வேலை. அவர் இங்குள்ள மருத்துவரைப் பார்த்து அமெரிக்கச் சீட்டு வாங்கி வரட்டும். அந்தச் சீட்டை வைத்து பிளான் பாருங்கள். இந்தியாவில் வாங்கும் மருந்துக்கு பார்ட் டி பணம் தராது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (சிகாகோ): மருந்து ஃபார்முலரியில் (பிளானின் மருந்துப் பட்டியல்) இல்லை, அல்லது முன் அனுமதி கேட்கிறது. கிளையன்டிடம் என்ன சொல்வது?

பதில்: "கிடைத்துவிடும், கவலைப்படாதீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். புகாராகி உங்கள் பெயரில் வந்து நிற்பது இந்த ஒரு வாக்கியம்தான். உள்ள வழியைச் சொல்லுங்கள்: மருத்துவர் காரணம் எழுதி விதிவிலக்கு கேட்கலாம். மருத்துவரின் கடிதம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து 72 மணி நேரத்தில் முடிவு வர வேண்டும். அவசரம் என்றால் 24 மணி நேரம். மறுத்தால் மேல்முறையீடு உண்டு. புதிய பிளானில் சேர்ந்த முதல் 90 நாளுக்குள், ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மருந்துக்கு ஒரு மாத இடைக்கால சப்ளை கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கலாம். "இதே வகையில் இவையெல்லாம் பட்டியலில் இருக்கின்றன, டாக்டரிடம் காட்டுங்கள்" என்பது வரை உங்கள் எல்லை.

கேள்வி (அதே சிகாகோ நண்பர்): "2,100 டாலருக்கு மேல் எல்லாம் ஃப்ரீ" என்று ஃப்ளையரில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். 2,100 என்பது ஒரு வருடத்தில் அவர் கையிலிருந்து கொடுக்கும் மருந்துச் செலவின் உச்சவரம்பு, அதுவும் பிளானில் உள்ள பார்ட் டி மருந்துகளுக்கு மட்டும். பிரீமியமும், பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கையிலிருந்து கொடுத்த பணமும் அதில் சேராது. ஜீரோ பிரீமியத்தை 'இலவசம்' என்பதும் தடை. ஆதாரம் காட்டாமல் 'மிகச் சிறந்த பிளான்' என்பதும் தடை. ஜனவரியிலேயே பெரிய பில் வருகிறவருக்குச் செலவை மாதத் தவணையாகப் பிரிக்கும் வசதி உண்டு என்று சொல்லலாம். வட்டி கிடையாது, ஆனால் மொத்தத்தில் ஒரு சென்ட்கூடக் குறையாது. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): "எனக்கு ஒரு மாத்திரையும் கிடையாது, பார்ட் டி எதுக்கு?" என்கிறவரை வற்புறுத்தலாமா?

பதில்: வற்புறுத்தக் கூடாது, அபராதக் கணக்கைக் காட்டலாம். தகுதி வந்த பிறகு தொடர்ந்து 63 நாளோ அதற்கு மேலோ தகுந்த மருந்துக் காப்பீடு இல்லாமல் இருந்தால், இல்லாத ஒவ்வொரு மாதத்துக்கும் தேசிய அடிப்படை பிரீமியத்தில் 1 சதவீதம். அடிப்படை 38.99 டாலர். 24 மாதம் விட்டிருந்தால் 24 சதவீதம், 9.36; அதை 9.40 ஆக்கி மாதாமாதம் சேர்ப்பார்கள், பார்ட் டி உள்ளவரைக்கும். அடிப்படைத் தொகை வருடா வருடம் மாறுவதால் இதுவும் மாறும். வேலை பார்த்த கம்பெனியின் காப்பீடு இருந்தால் அது 'கிரெடிட்டபிள்' (பார்ட் டி-க்கு நிகரானது) என்ற கடிதத்தைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். மருந்துக் கடைத் தள்ளுபடி கார்டு கணக்கில் வராது.

வருமானம் குறைவாகத் தெரிந்தால், பிளான் பேச்சுக்கு முன்பே மருந்துச் செலவுக்கு உதவும் சோஷியல் செக்யூரிட்டியின் 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' பற்றிச் சொல்லுங்கள். அது கிடைத்தால் அபராதமே இல்லை. ஜெனரிக்குக்கு அதிகபட்சம் 5.10 டாலர், பிராண்டுக்கு 12.65.

கேள்வி (சார்லட்): பெற்றோர் கிரீன் கார்டில் இருக்கிறார்கள். மகன்தான் போனில் எல்லாம் பேசுகிறார், "நான் சைன் பண்ணிடுறேன்" என்கிறார்.

பதில்: மகன் உதவலாம், மொழிபெயர்க்கலாம். கையெழுத்து அப்பாவுடையது, அம்மாவுடையது. மகனிடம் மாநிலச் சட்டப்படி செல்லும் பவர் ஆஃப் அட்டார்னி இருந்தால் மட்டும் விலக்கு. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் கம்பெனி இலவசமாகத் தர வேண்டும். மெடிகேர் எண்ணையும் மாத்திரைப் படங்களையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாங்காதீர்கள்.

தகுதிக்கு 65 வயதோடு தொடர்ந்து 5 வருட வசிப்பு வேண்டும். இங்கே வேலை பார்த்த கணக்கு தனக்கோ துணைக்கோ இல்லாதவர்களுக்கு பார்ட் ஏ (மருத்துவமனைப் பகுதி) மாதம் 565 டாலர் வரை ஆகும், பார்ட் பி (மருத்துவர் செலவுப் பகுதி) 202.90. தனி மருந்து பிளானுக்கு பார்ட் பி மட்டும் இருந்தால் போதும். அட்வான்டேஜ் என்றால் இரண்டும் வேண்டும். இது தெரியாமல் பார்ட் ஏ வாங்க வைத்துவிடுகிறார்கள்.

கேள்வி (எடிசன், மறுபடியும்): தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் மேசை போடலாமா?

பதில்: போடலாம். கல்வி நிகழ்ச்சி என்று அறிவித்திருந்தால் எந்த பிளானின் பெயரும், பிரீமியமும், ஸ்கோப் படிவமும் மேசையில் இருக்கக் கூடாது. பரிசுப் பொருள் 15 டாலருக்குள், ஒரு நபருக்கு வருடத்துக்கு 75 டாலருக்குள், ரொக்கம் கூடாது. விற்பனைக் கூட்டம் என்றால் டீயும் முறுக்கும் சரி, இலை போட்டுச் சாப்பாடு கூடாது.