மலங்கரை வீட்டுக்கு மருமகளாகப் போனால் மறுபடி ஞானஸ்நானமா?

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் எங்கள் ஊர். நாங்கள் லத்தீன் கத்தோலிக்கர்கள். மகளுக்கு மலங்கரைச் சபைப் பையனைப் பேசி முடித்திருக்கிறோம். "அது போப்பை ஏற்காத யாக்கோபாக்காரர் கோயில், அவளுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பார்கள், அப்புறம் நம் கோயிலில் நன்மை (நற்கருணை) வாங்க முடியாது" என்கிறார் என் நாத்தனார். உண்மையா?

பதில்: உங்கள் நாத்தனாரைக் குறை சொல்ல மாட்டேன். லத்தீன், மலங்கரை, மலபார், சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை என்று உங்கள் பக்கத்துப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும்.

மலங்கரையினர் கத்தோலிக்கர்களே. 1930 செப்டம்பர் 20 அன்று கொல்லத்தில் மார் இவானியோஸ் தலைமையில் ரோமுடன் இணைந்தவர்கள். பழைய சுரியானி வழிபாட்டைக் கைவிடவில்லை; தாடியும் தூபமும் யாக்கோபாக்காரரைப் போலவே இருப்பது அதனால்தான். சந்தேகம் இருந்தால் அவர்களுடைய பூசையான குர்பானாவுக்கு ஒருமுறை போய்க் காதுகொடுங்கள்: மன்றாட்டில் போப்பின் பெயர் வரும்.

ஞானஸ்நானம் வாழ்நாளில் ஒரே முறைதான். அதைத் திரும்பக் கொடுக்கத் திருச்சபைச் சட்டமே இடம் தரவில்லை. நன்மையும் அப்படித்தான்: லத்தீன் சட்டத்தொகுப்பின் 923-ஆம் பிரிவுப்படி எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையிலும் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக் கடன் எந்தக் கத்தோலிக்கக் கோயிலில் தீர்ந்தாலும் தீர்ந்ததுதான்.

மகள் மலங்கரைக்கு மாறத்தான் வேண்டுமா? கட்டாயமில்லை. திருமணத்தின்போதோ பிறகோ எழுதிக்கொடுத்துக் கணவரின் சபைக்கு மாறலாம். லத்தீனாகவே இருந்தும் வாழலாம். முடிவு அவளுடையது, மாமியாருடையது அல்ல. குழந்தைகள் விஷயத்தை மட்டும் இப்போதே பேசிவிடுங்கள். பெற்றோர் இருவரும் சம்மதித்தால் தாயின் சபையில் சேர்க்கலாம்; இல்லாவிட்டால் தந்தையின் சபைதான். நம்மிடம் பிள்ளை வளர்ந்த பிறகு ஆயர் வந்து கொடுக்கும் உறுதிபூசுதலை, மலங்கரையில் ஞானஸ்நானத்தன்றே குருவானவர் கொடுத்துவிடுவார். ஆகவே பேரனின் உறுதிபூசுதலுக்கு ஆயர் வருவார் என்று பட்டுச்சேலை எடுத்து வைக்காதீர்கள்!

உங்கள் பங்குத்தந்தையிடம் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றும் திருமணத் தடையின்மைச் சான்றும் வாங்குங்கள். கல்யாணம் பொதுவாக மாப்பிள்ளையின் கோயிலில் நடக்கும். அங்கே மின்னு எனப்படும் தாலியைக் கோப்பது, மணமகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் தரும் மந்திரகோடிச் சேலையிலிருந்து உருவிய நூலில். தங்கச் சங்கிலியை எதிர்பார்த்து வரும் நாத்தனார் "இதென்ன வெறும் நூல்?" என்று பந்தலில் முகம் சுளிக்கக்கூடும், அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.