முகூர்த்தத்துக்கு முந்தின நாள் லீவு போடும் பையன்

கேள்வி: அரசுப் பள்ளியில் சமூகப் பணியாளர் என்று தனியாக ஒருவர் எதற்கு? ஆசிரியர்கள் செய்யாத எதை அவர் செய்துவிடப் போகிறார்?

நீங்கள் ஆசிரியராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் கோபம் எனக்குப் புரியும். பாடம், தேர்வு, எமிஸ் (கல்வித் துறையின் இணையதளம்) பதிவு, இலவசப் பொருள் கணக்கு என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. அதற்கு நடுவில் வெளியிலிருந்து ஒருத்தி வந்து "பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுங்கள்" என்று சொன்னால் யாருக்கும் எரிச்சல் வரும். நானே அப்படி வந்தவள்தான். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு, ஒரு தொண்டு நிறுவனம் வழியாக திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பக்கம் இரண்டு அரசுப் பள்ளிகளில் 2022 ஜூன் முதல் இரண்டு கல்வியாண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள். அமெரிக்காவில் 1906-லேயே நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் மாணவர் வீடுகளுக்குப் போய்வர ஆள் வைத்தார்கள், 250 பிள்ளைகளுக்கு ஒரு சமூகப் பணியாளர் என்பது அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு என்றெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். போன முதல் மாதம் ஆசிரியர் வராத வகுப்புகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலையாக இருந்தது.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். கதிர் என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அதில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் வரமாட்டான். கேட்டால் காய்ச்சல் என்பான், வயிற்றுவலி என்பான். வந்த நாளிலும் மூன்றாவது பாடவேளைக்குள் தூங்கிவிடுவான். ராத்திரி முழுக்க போன் பார்க்கிறான் என்று வகுப்பாசிரியர் முடிவு செய்திருந்தார். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். 52 பேர் உள்ள வகுப்பை வைத்துக்கொண்டு ஒருவனுடைய தூக்கத்துக்குக் காரணம் தேடிப் போக முடியாது. ஆனால் எனக்கு அதற்கு நேரம் இருந்தது. நான் சொல்ல வருவதே இதுதான்.

வருகைப் பதிவேட்டை வாங்கி அவன் வராத தேதிகளை மட்டும் ஒரு தாளில் எழுதினேன். கிழமை வைத்துப் பார்த்தால் ஒழுங்கே இல்லை. தலைமையாசிரியர் அறையில் தினசரி நாள்காட்டி தொங்கும். ஏதோ தோன்றி அதோடு ஒப்பிட்டேன். வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும் அவன் வராத நாட்களில் பெரும்பாலானவை சுபமுகூர்த்தத்துக்கு முந்தின நாள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதம் வியாழக்கிழமைகளில் மட்டும் வரவில்லை. மறுநாள் ஆடி வெள்ளி, அம்மன் கோயில்களுக்குப் பூ போகிற நாள்.

எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். மல்லிகையை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும். விடிந்து வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிட வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. விலை ஏறும் நாளில் தோட்டத்துக்காரர்கள் கிடைக்கிற ஆளையெல்லாம் கூப்பிடுவார்கள். கதிர் மூன்று மணிக்கு எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு, அம்மாவோடு பூப்பறிக்கப் போயிருக்கிறான். முடிய ஒன்பதரை ஆகிவிடும். அதற்கு மேல் பள்ளிக்கு வந்தால் கேட்டுக்கு வெளியே நிற்க வைப்பார்கள், எல்லோர் முன்னாலும் திட்டு விழும். அதனால் அன்று முழுநாளும் வராமலே இருந்துவிடுவான். இரண்டு பாடவேளை தாமதத்தை முழுநாள் லீவாக மாற்றியது எங்கள் கேட்தான்.

தலைமையாசிரியரிடம் தாளைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மாதிரி நாளில் பத்து மணிக்கு வந்தாலும் உள்ளே விடச் சொல்லிவிட்டார்.

"குழந்தைத் தொழிலாளர் முறைக்குத் துணை போயிருக்கிறாய்" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். அவனுக்கு 14 முடிந்திருந்தது. ஆனாலும் மூன்று மணிக்கு இருட்டில் தோட்டத்துக்குப் போவது சரி என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அதை நிறுத்த வேண்டுமென்றால் அந்த வீட்டுக்கு அவன் கொண்டுவரும் கூலி வேறு வழியில் வர வேண்டும். அதுவரை அவன் பள்ளியை விட்டுப் போய்விடக்கூடாது. என் கணக்கு அவ்வளவுதான்.

வழி இல்லாமல் இல்லை. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் கணவனை இழந்த, கணவனால் கைவிடப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். கதிரின் அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போய் ஐந்து வருடம் ஆகிறது. அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஆக, "கணவனால் கைவிடப்பட்டவர்" என்று வருவாய்த் துறையில் ஒரு சான்று வாங்கினால் போதும்.

இங்கேதான் நான் பெரிய தப்பு செய்தேன். விண்ணப்பப் படிவத்தைக் கையிலெடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டம்மா திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே, "அக்கா, அண்ணன் போய் எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். அந்த அக்கா முகம் அப்படியே மாறிவிட்டது. "அவுக வேலைக்குப் போயிருக்காக டீச்சர். பொங்கலுக்கு வந்துருவாக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கழுத்தில் தாலிக் கயிறு, மஞ்சள் பூசிப் புதுசாக இருந்தது. அதற்கப்புறம் மூன்று வாரம் கதிர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வராந்தாவில் நான் வந்தால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவான்.

எனக்கு அது ஒரு சான்றிதழ். அந்த அம்மாவுக்கு, ஐந்து வருடமாகக் காப்பாற்றி வைத்திருந்த ஒரு வார்த்தையைத் தன் வாயாலேயே பொய் என்று எழுதிக் கொடுப்பது. விஏஓ விசாரணைக்கு வந்தால் பக்கத்து வீட்டில்தான் முதலில் கேட்பார். இதை யாரும் எனக்கு வகுப்பில் சொல்லித் தரவில்லை.

அப்புறம் படிவத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சும்மா போய் வந்தேன். ரேஷன் கார்டில் பெயர்ப் பிழை இருந்தது, அதைத் திருத்திக் கொடுத்தேன். கதிரின் தங்கைக்குக் காது சரியாகக் கேட்காது. வட்டார வள மையத்தின் மருத்துவ முகாமுக்குக் கூட்டிப் போனேன். அப்பாவைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மார்கழி வந்தது. பனியில் பூ வரத்துக் குறைந்து வேலை இல்லாத ஒரு நாளில் அந்த அக்காவே பள்ளிக்கு வந்தார். என் மேசைக்கு எதிரே உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னார்: "எழுதிக் குடுத்துருங்க டீச்சர். ஆனா விசாரணைக்கு வரும்போது நீங்க கூட இருக்கணும்."

கூட இருந்தேன். அந்தச் சான்றுக்காகப் பல தடவை அலைந்தோம். பணம் வர அடுத்த வருடம் ஆவணி ஆகிவிட்டது. அதற்கப்புறம் கதிர் பூப்பறிக்கப் போவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றானது. முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

எல்லா வேலையும் இப்படி முடியாது. சில குழந்தைகள் சொல்லும் விஷயத்தைக் கேட்டால் அன்றைக்கே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் துறைக்கோ சொல்லியாக வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒரு குழந்தைக்குச் சத்தியம் செய்து கொடுக்கக்கூடாது என்பதை ஆசிரியர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அதைப் பற்றிப் பொதுவெளியில் இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. நான் வேலை பார்த்த நிறுவனம் கதிரின் கதையைப் போட்டோவோடு கேட்டது. நிதி கொடுப்பவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். பூக்கூடையோடு ஒன்று, புத்தகப் பையோடு ஒன்று. முடியாது என்றேன். ஊருக்குத் தெரியக்கூடாது என்று ஐந்து வருடம் வாழ்ந்த ஒரு பெண்ணின் வீட்டை அச்சடித்துக் கொடுக்க என்னால் முடியாது. அந்த வருடம் எனக்குச் சம்பள உயர்வு வரவில்லை. வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். என் சம்பளம் 14,000 ரூபாய், பஸ் செலவும் அதில்தான். உதவி பெற்றவர்களின் முகத்தைக் காட்டித்தான் நிதி திரட்ட வேண்டும் என்ற பழக்கம் எப்போது நிற்கும் என்று தெரியவில்லை.

2024 ஏப்ரலோடு திட்டம் முடிந்தது. பள்ளிக்கு ஒருவர் என்று நிரந்தரப் பணியிடம் கிடையாது, அதனால் என் இடத்துக்கு யாரும் வரவில்லை. கதிர் இப்போது பதினொன்றாம் வகுப்பு, அரசு கொடுத்த சைக்கிளில் போகிறான்.

போன வாரம் அவனுடைய பழைய வகுப்பாசிரியர் போன் செய்தார். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் அடிக்கடி வருவதில்லை, தேதிகளை எழுதி நாள்காட்டியோடு வைத்துப் பார்த்தேன், முகூர்த்தமும் இல்லை வெள்ளிக்கிழமையும் இல்லை என்றார். மாதத்தில் எந்த நாட்கள் என்று கேட்டேன். சொன்னார். நான்கு நாள், ஐந்து நாள் சேர்ந்தாற்போல் வருகிறது. வீட்டில் கழிப்பறை இருக்கிறதா, பள்ளியில் நாப்கின் கொடுக்கிறார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் நான் எப்படிம்மா அந்தப் பிள்ளைகிட்ட கேக்குறது? வீட்டுக்குப் போய்ப் பாக்கவும் ஆள் இல்ல" என்றார். இந்தச் சனிக்கிழமை நான் போகிறேன்.