புது லேப்டாப்புக்கு 3,500 ரூபாய் சாஃப்ட்வேர் வேண்டுமா?

கோத்தகிரி பஜாரில் 22 வருடமாக டிடிபி, ஜெராக்ஸ், கணினி சர்வீஸ் கடை நடத்தி வரும் வாசகி ஒருவர், மற்ற வாசகர்களின் கணினிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.

அக்கா, வணக்கம். கூடலூர் பக்கம் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறேன். அப்பா சீட்டு எடுத்து 36,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வாங்கிய கடையில், "ஆபீஸ், ஆன்டிவைரஸ், போட்டோஷாப், டேலி எல்லாம் போட்டுத் தர 3,500 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். கொடுத்துவிடலாமா? எங்கள் லைனில் சிக்னலும் சரியாகக் கிடைக்காது.
– கல்லூரி மாணவி, கூடலூர்

கொடுக்காதே, கண்ணு. அந்த 3,500 ரூபாய் உன் அம்மா எத்தனை நாள் கொழுந்து பறித்த கூலி என்று எனக்குத் தெரியும்.

முதலில் லேப்டாப் வந்த அட்டைப் பெட்டியைத் தேடி எடு. அதன் மேலோ, விசைப்பலகைக்குப் பக்கத்திலோ "ஆபீஸ் ஹோம் 2024" அல்லது "ஆபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 2021" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா பார். நம் ஊரில் விற்கும் புது லேப்டாப்களில் பலவற்றுக்கு இது சேர்ந்தே வருகிறது. நீ கொடுத்த 36,000 ரூபாய்க்குள் அதன் விலையும் அடங்கிவிட்டது. வேர்டைத் திறந்து, உன் சொந்த மின்னஞ்சலில் ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு தொடங்கி, "ஆக்டிவேட்" கொடுத்தால் போதும். இதற்குக் கெடு உண்டு, அதனால் தள்ளிப் போடாதே.

"உன் சொந்த மின்னஞ்சலில்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் கடைக்கு ஒரு பையன் லேப்டாப்போடு வந்தான். ஒருநாள் விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் வேர்டு பணம் கேட்க ஆரம்பித்துவிட்டதாம். நோண்டிப் பார்த்தால், வாங்கிய அன்று கடையில் இருந்த ஆள் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்து ஆக்டிவேட் செய்திருக்கிறார். இந்த உரிமம் முதலில் எந்தக் கணக்கில் பதிகிறதோ அந்தக் கணக்குக்குத்தான் சொந்தம். பையனின் அப்பா பணம் கொடுத்து வாங்கியது, முகம் தெரியாத ஒருவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பையன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. லேப்டாப்பை முதல் முறை திறப்பது நீயாக இரு. பாஸ்வேர்டை உன் நோட்டில் எழுதி வை.

ஸ்டிக்கர் இல்லையா? சரி, கவலையே வேண்டாம். லிப்ரேஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. 2010-லிருந்து உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்து வருவது. எழுத ரைட்டர், கணக்குக்கு கால்க், செமினாருக்கு இம்ப்ரெஸ், எல்லாம் அதிலேயே அடக்கம். காசு கிடையாது, தவணை கிடையாது, வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டாம். வேர்டு, எக்ஸெல் கோப்புகளைத் திறக்கும், அந்த வடிவத்திலேயே சேமிக்கவும் செய்யும். ஒரே ஒரு சிக்கல்: உன் எழுத்துரு கல்லூரிக் கணினியில் இல்லாவிட்டால் பக்கம் முன்னே பின்னே நகர்ந்துவிடும். அதனால் அசைன்மென்டை அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பு. ரைட்டரிலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது.

ஆன்டிவைரஸுக்கும் பணம் வேண்டாம். விண்டோஸோடு டிஃபெண்டர் வருகிறது. வீட்டுக்கும் படிப்புக்கும் அது போதும். வாங்கும்போதே வேறொரு ஆன்டிவைரஸ் இலவசத் தவணையில் உள்ளே இருந்து, "காலாவதி ஆகப்போகிறது, பணம் கட்டு" என்று தினம் பயமுறுத்தும். அதை எடுத்துவிடு. எடுத்ததும் டிஃபெண்டர் தானாகவே வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும்.

படம் பார்க்க விஎல்சி. பிரான்ஸில் கல்லூரி மாணவர்கள் 1996-இல் படிப்பு வேலையாகத் தொடங்கியது. எந்தப் பழைய வீடியோவைக் கொடுத்தாலும் ஓட்டும். சுருக்கிய கோப்புகளைப் பிரிக்க 7-ஜிப். போட்டோவில் கைவைக்க கிம்ப். போட்டோஷாப் பழகிய கைக்கு கிம்ப் முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. உனக்கு எதுவும் பழகவில்லை, அதுவே நல்லது.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலிதான் பி.காம். பிள்ளைகளுக்கு நிஜமாகவே தேவை. டேலி ப்ரைமை நிறுவித் திறக்கும்போது "எஜுகேஷனல் மோட்" என்று ஒரு வழி காட்டும், அதைத் தேர்ந்தெடு. பணம் கட்டாமலே எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளலாம். மாதத்தில் 1, 2 போன்ற ஒருசில தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் (கணக்குப் பதிவு) போட விடும். பழகுவதற்கு அது ஒரு குறையே இல்லை. எல்லாக் கணக்கையும் 1-ஆம் தேதியிலேயே போட்டுப் பழகு.

கடைக்காரர் 3,500 ரூபாய்க்குக் கொடுப்பதாகச் சொல்கிறாரே, அது அனேகமாக கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுச் சரக்கு. இதைப் பற்றி நான் பட்டதைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன், வைகாசி முகூர்த்த நேரம். பத்திரிகை வடிவமைக்க ஒரு விலை உயர்ந்த மென்பொருளின் கிராக் காப்பியை ஒருவர் கொடுத்தார், நானும் போட்டேன். போடும்போது அது முதலில் சொன்னதே, "ஆன்டிவைரஸை அணைத்து வை" என்பதுதான். திருட வருகிறவன் நாயைக் கட்டிப்போடச் சொன்னால் நாம் கட்டுவோமா? நான் கட்டினேன். மறுநாள் காலையில் கணினியைத் திறந்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நாலு எழுத்து ஒட்டியிருந்தது. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு சின்னக் கடிதம், இத்தனை டாலர் அனுப்பினால் திறந்து தருகிறேன் என்று. அச்சுக்குப் போக வேண்டிய 11 கல்யாணப் பத்திரிகைகள் அதற்குள் மாட்டிக்கொண்டன. பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) பெண்ணின் பத்திரிகையும் அதில் ஒன்று, இரண்டே வாரத்தில் கல்யாணம். பிழை திருத்திய காகிதங்கள் குப்பைக்குப் போகாமல் இருந்ததால் பிழைத்தேன். அவற்றை வைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து அத்தனையையும் மறுபடி அடித்தேன். கடை ஆரம்பித்த நாள் முதல் சேர்த்த டிசைன்கள் போனது போனதுதான்.

அன்றிலிருந்து என் கடையில் கிராக் கிடையாது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனாலும் கிடையாது.

இப்போது உன் சிக்னல் விஷயம். நான் சொன்னவற்றில் லிப்ரேஆபீஸ், விஎல்சி, 7-ஜிப், கிம்ப் ஆகியவற்றின் உரிமத்திலேயே "யாருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம்" என்று எழுதியிருக்கிறது. அது திருட்டு இல்லை, அவர்களே கொடுத்த அனுமதி. ஒருநாள் கல்லூரி முடிந்து கூடலூர் டவுனில் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்து இவற்றை இறக்கிக்கொள். லிப்ரேஆபீஸும் கிம்ப்பும்தான் பெரியவை, மற்றவை சின்னவை. ஒரு பென் டிரைவில் போட்டு வை. அடுத்து உங்கள் லைனில் எந்தப் பிள்ளைக்கு லேப்டாப் வந்தாலும் அதே பென் டிரைவ் போதும், ஒரு எம்பிகூடச் செலவில்லை.

இறக்கும்போது முகவரியைக் கவனி. தேடினால் முதலில் வருவது பல நேரம் விளம்பரம். பச்சை நிறத்தில் பெரிதாக "டவுன்லோட்" என்று இருந்தால் உடனே அமுக்காதே. லிப்ரேஆபீஸ் டாட் ஆர்க், விஎல்சிக்கு வீடியோலான் டாட் ஆர்க், 7-ஜிப் டாட் ஆர்க், கிம்ப் டாட் ஆர்க். நாலுமே "ஆர்க்" என்றுதான் முடியும், "காம்" இல்லை.

நிறுவப் போகும்போது, "ஸ்டோரிலிருந்து மட்டும்தான் போட முடியும்" என்று லேப்டாப் மறுத்தால், அது எஸ் மோடில் இருக்கிறது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய் அதிலிருந்து வெளியே வரலாம், இலவசம்தான். வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது, போக வேண்டிய அவசியமும் உனக்கு இல்லை. இதைச் செய்து தர 500 ரூபாய் வாங்கியதாக ஒரு பெண் என்னிடம் சொன்னாள்.

அப்புறம், போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைக்கும்போது, அந்த வைஃபையின் விவரத்துக்குள் போய் "மீட்டர்டு கனெக்ஷன்" என்பதை ஆன் செய். இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் உன் அன்றைய டேட்டா முழுவதையும் காலையிலேயே குடித்துவிடும். கல்லூரியில் வைஃபை கிடைக்கும்போது அப்டேட் செய்துகொள், அதை மட்டும் விட்டுவிடாதே.

மிச்சமான 3,500 ரூபாயில் ஒரு நல்ல 64 ஜிபி பென் டிரைவ் வாங்கு. வாரம் ஒருமுறை உன் பாடக் கோப்புகளை அதில் நகலெடுத்து வை. உங்கள் பக்கம் ஆடி மழையில் கரண்ட் போய்ப் போய் வருவது எனக்குத் தெரியும். மீதியை அப்பாவிடம் திருப்பிக் கொடு.

அம்மா, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பிள்ளைகள் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் தட்டச்சு மென்பொருள் விலைக்கு வாங்க வேண்டுமா? 2003-இல் பாமினியில் அடித்து வைத்த என் கட்டுரைகள் இப்போது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. மீட்க வழி உண்டா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், குன்னூர்

ஐயா, வணக்கம். ஒரு பைசாவும் செலவில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் மொழி என்ற இடத்தில் தமிழைச் சேர்த்து, அதன் விசைப்பலகையாகத் தமிழ் 99-ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்.

ஆங்கில ஒலியில் அடிக்கும் முறையைப் பிள்ளைகள் சொல்லித் தருவார்கள். நீங்கள் தமிழ் 99 பழகுங்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். 1999-இல் தமிழக அரசு ஏற்ற முறை. உயிர் 12, மெய் 18, ஆய்தம், ஆக 31 எழுத்துக்குத் தனித்தனி விசை. உயிர் பெரும்பாலும் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அகர மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய். அதன் விதிப்படி க-வை இரண்டு முறை தட்டினால் முதல் க-வுக்குப் புள்ளி தானே விழும். ந-வுக்குப் பின் த வந்தாலும் அப்படியே. புணர்ச்சி சொல்லிக்கொடுத்த உங்கள் கைக்கு இது இரண்டே வாரத்தில் வந்துவிடும்.

பாமினிக் கோப்புகள் குப்பை இல்லை ஐயா, உங்கள் கட்டுரை அப்படியே உள்ளே இருக்கிறது. பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டிய எழுத்துரு. "தமிழ்" என்று நீங்கள் அடித்தபோது கணினி சேமித்தது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளை. பாமினி இல்லாத கணினியில் அந்தக் குறிகள் மட்டும் தெரிகின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருளில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு (இன்றைய கணினிகள் எல்லாவற்றிலும் தமிழாகவே தெரியும் முறை) என்று தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். இடையில் நீங்கள் ஆங்கிலச் சொல் எழுதியிருந்தால் அதுவும் தமிழாகக் குழம்பி வரும், அந்த இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்.

இரண்டு ஏக்கர் தேயிலை. இலைக் கணக்கு எழுத மென்பொருள் வாங்கச் சொல்கிறார்கள். தேவையா?
– சிறு விவசாயி, கோத்தகிரி அருகில்

வேண்டாம் அண்ணா. மேலே சொன்ன லிப்ரேஆபீஸில் கால்க்கைத் திறந்து தேதி, கிலோ, பறிகூலி, உரம், ஃபேக்டரியில் வாங்கிய முன்பணம் என்று கட்டம் போடுங்கள். இலைக்கு என்ன விலை என்பது மாதக் கடைசியில்தானே நமக்குத் தெரிகிறது? அதனால் விலையை ஒவ்வொரு வரியிலும் எழுதாமல், மேலே ஒரே ஒரு கட்டத்தில் வையுங்கள். எல்லா வரியும் அந்தக் கட்டத்தைப் பார்த்துப் பெருக்கும்படி சூத்திரத்தில் அதன் பெயருக்கு $B$1 என்பதுபோல் டாலர் குறி போட வேண்டும். விலை தெரிந்த அன்று அந்த ஒரு எண்ணை மாற்றினால் 30 நாள் கணக்கும் ஒரே தட்டில் மாறும். பறிகூலி போக என்ன நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும். கடைக்கு வாருங்கள், ஒரு மாதிரித் தாள் போட்டு வைத்திருக்கிறேன், தருகிறேன்.

புது லேப்டாப் வந்துவிட்டது. அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பை எடைக்குப் போடலாமா?
– பிளஸ் டூ மாணவன், ஊட்டி

போடாதே தம்பி. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு நின்றுவிட்டது. அதைவிடப் பழைய விண்டோஸோடு இணையத்துக்குப் போகாதே. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுப் பார், இலவசம். 2011-இல் அரசு கொடுக்க ஆரம்பித்தபோதே அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது, பலர் திறந்துகூடப் பார்க்கவில்லை. நினைவகம் 2 ஜிபிதான் என்றால் மின்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற வகையை எடு. அதில் கிவிக்ஸ் போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால், இணையமே இல்லாமல் தங்கை அதில் படிக்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் முதலில் அதைக் கழற்றக் கொண்டு வா, நீயே நெம்பாதே.