கோப்பை இல்லாத கேப்டன்

கேள்வி: 'உங்களுக்குப் பிடித்த வெளிநாட்டு விளையாட்டு வீரர் யார்?' என்று சென்ற இதழில் ஒருவர் கேட்டதற்கு, 'பின்லாந்தின் ஐஸ் ஹாக்கி வீரர் சக்கு கொய்வு' என்று ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் 18 சீசன் ஆடியும், அதன் சாம்பியன் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையை ஒரு தடவைகூட வெல்லாதவர். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தார் என்பதற்காகக் கிடைத்த அனுதாபப் புகழ்தானே இது?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: ஒரே வரியில் முடித்தது என் பிழை. ஆனால் 'அனுதாபப் புகழ்' என்கிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

கொய்வுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது 2001 செப்டம்பரில். அதற்கு ஆறு வருடம் முன்பே, 1995 மே 7 அன்று, ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனை அதன் சொந்த மண்ணில் 4-1 என்று தோற்கடித்து, பின்லாந்து முதன்முறையாக உலகப் பட்டம் வென்றது. பின்லாந்தை 600 வருடத்துக்கு மேல் ஆண்ட நாடு ஸ்வீடன். ஹாக்கியிலும் அந்த அண்டை நாட்டிடம் தோற்றே பழகியவர்கள் பின்லாந்துக்காரர்கள். அந்த ஒரு ராத்திரி அவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். முன்வரிசையில் வில்லெ பெல்டோனென், யெரெ லெஹ்டினென், இருவருக்கும் நடுவே 20 வயது கொய்வு. கார்ட்டூன் வாத்து டொனால்ட் டக்கின் மூன்று மருமகன்களுக்குப் பின்னிஷ் மொழியில் துப்பு, ஹுப்பு, லுப்பு என்று பெயர். அந்தப் பெயரைத்தான் இந்த மூவருக்கும் ஊரே சூட்டியிருந்தது. அந்தத் தொடரின் சிறந்த அணியைத் தேர்ந்தெடுத்தபோது முன்வரிசையின் மூன்று இடங்களும் இவர்களுக்கே போயின. அனுதாபத்துக்கு அங்கே இடம் ஏது?

இந்த ஆட்டம் நம் பக்கம் பரிச்சயமில்லாதது என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடு முன்வரிசை ஆட்டக்காரரை 'சென்டர்' என்பார்கள். நடுவர் பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, கீழே போடும்போது எதிராளியோடு மல்லுக்கட்டி அதைப் பறிப்பது அவர் வேலை. பறித்ததைப் பக்கத்து ஆளுக்குத் தோதாகத் தள்ளிக் கொடுப்பதும், பறிபோனால் முதல் ஆளாகப் பின்னால் ஓடிவந்து தடுப்பதும் அவரே. கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு வழிசெய்து கொடுத்த இரண்டு பேர் வரைக்கும் ஆளுக்கொரு புள்ளி. என்.எச்.எல்.லில் கொய்வு 1,124 ஆட்டங்களில் எடுத்தது 832 புள்ளி. அதில் கோல் 255, அடுத்தவர் கோலுக்கு வழிசெய்தது 577. அவருடைய ஆட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

1996-97 சீசனின் தொடக்கத்தில் அந்த லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர்களின் வரிசையில் முதலிடத்தில் நின்றார். டிசம்பரில் முழங்கால் போயிற்று. பிறகு தோள்பட்டை, அடுத்து இன்னொரு முழங்கால். அந்த முதல் அடி மட்டும் படாமல் இருந்திருந்தால் அவருடைய கணக்கே வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். 1999-ல், அவர் ஆடிவந்த கனடாவின் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி அவரைக் கேப்டனாக்கியது. அந்தப் புகழ்பெற்ற பழைய அணிக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த முதல் கேப்டன் அவர். நோய் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு கிடைத்த பொறுப்பு இது.

இனி நோய். வயிற்றில் பர்க்கிட் லிம்போமா. வேகமாகப் பரவக்கூடிய நிணநீர்ப் புற்று. கீமோதெரபி முடிந்து 2002 ஏப்ரல் 9 அன்று மான்ட்ரியல் அரங்கில் மறுபடி பனியில் இறங்கினார். கூட்டம் எழுந்து நின்று எட்டு நிமிடம்போலக் கை தட்டியது. நீங்கள் 'அனுதாபம்' என்று சொல்வது இந்த எட்டு நிமிடத்துக்கு வேண்டுமானால் பொருந்தும். அதற்கப்புறம் நடந்ததற்குப் பொருந்தாது. மூன்று வருடமாகப் பிளேஆஃப் பக்கமே, அதாவது முன்னணி அணிகள் மட்டும் கோப்பைக்காக மோதும் சுற்றின் பக்கமே, எட்டிப்பார்க்காத அணி அந்த வருடம் தகுதிபெறும் இடங்களில் கடைசியானதைப் பிடித்து உள்ளே போனது. கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்த பாஸ்டன் அணியை, ஏழில் நான்கு ஆட்டம் வெல்ல வேண்டிய மோதலில், ஆறாவது ஆட்டத்திலேயே வெளியேற்றியது. அந்தப் பிளேஆஃபில் 12 ஆட்டத்தில் 10 புள்ளி எடுத்தார் கொய்வு. சில மாதம் முன்புதான் மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போன மனிதர். அடுத்த சீசனில் 82 ஆட்டம், ஒன்றைக்கூட விடவில்லை. 71 புள்ளி, அதுவரையான அவருடைய உச்சம். எதிரணித் தடுப்பாட்டக்காரன் எவனும் இரக்கப்பட்டு வழிவிடுகிற ஆட்டமில்லை ஐஸ் ஹாக்கி.

இது போதாதென்று 2006 ஏப்ரலில் கரோலினா அணியுடன் நடந்த பிளேஆஃபின் மூன்றாவது ஆட்டத்தில் எதிராளியின் மட்டை இடது கண்ணில் பட்டு விழித்திரை விலகியது. முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்று 2-0 என்று முன்னணியில் இருந்த மான்ட்ரியல், அதற்கப்புறம் தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்று வெளியேறியது. அந்த வருடம் கோப்பையை வென்றது அதே கரோலினாதான். 'கோப்பையைத் தொடாதவர்' என்று எழுதும்போது இதையும் சேர்த்து எழுதுங்கள். கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது, ஓரப்பார்வையில் கொஞ்சம் போனது போனதுதான். அடுத்த சீசனில் 75 புள்ளி எடுத்தார். அவர் வாழ்நாளில் எடுத்த அதிகபட்சம் அது.

கோப்பைக் கணக்குக்கு வருகிறேன். மான்ட்ரியல் கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1993 ஜூனில். அதே மாதம் நடந்த வீரர் தேர்வில்தான் பின்லாந்தின் துர்க்கு நகரத்து இளைஞன் கொய்வை அந்த அணி எடுத்தது. அவர் போய்ச் சேர்ந்த முதல் சீசனிலேயே, கோப்பையை வாங்கித் தந்த கோல்கீப்பர் பாட்ரிக் ராயை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டடம் சரியத் தொடங்கிய நேரத்தில் வந்து, பத்து வருடம் கேப்டனாக அதைத் தோளில் தாங்கியவர் அவர். அந்த அணியில் அத்தனை வருடம் கேப்டனாக இருந்த இன்னொருவர் ழான் பெலிவோ மட்டுமே. கோப்பையை ஒரு தனி ஆள் வெல்வதில்லை. அணியை அமைப்பவர்கள் செய்த குற்றத்தை ஆட்டக்காரன் தலையில் கட்டாதீர்கள். சரியான துணை கிடைத்த இடத்தில், அதாவது பின்லாந்துச் சட்டையில், அவருக்கு நான்கு ஒலிம்பிக் பதக்கங்கள்: 1994, 1998, 2010-ல் வெண்கலம், 2006-ல் வெள்ளி.

அந்த 2006 டூரின் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை என்னால் மறக்க முடியவில்லை. மறுபடியும் ஸ்வீடன். இரண்டுக்கு இரண்டு. மூன்றாம் பகுதி தொடங்கியதும் முதல் மோதலிலேயே கொய்வின் மட்டை உடைந்தது. பத்தாவது நொடியில் ஸ்வீடனின் லிட்ஸ்ட்ரோம் அடித்த பக் வலைக்குள் இருந்தது. 3-2. ஒரு மட்டையில் போன தங்கம்!

கோல் எண்ணிக்கை என்றால் பின்லாந்தில் தேமு செலான்னேதான் பெரியவர். கோப்பைக் கணக்கில் ஐந்து முறை வென்ற யாரி குர்ரி. அதை நான் மறுக்கவில்லை. கொய்விடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. பத்து வருடத்துக்கு மேல் பிரெஞ்சு பேசும் ஊரில் ஆடியவர் அந்த மொழியைப் பழகிக்கொள்ளவில்லை. 2007-ல் அது பெரிய பிரச்சினையாகவே வெடித்தது. அங்கே கேப்டன் என்பவர் ஊருக்கே பிரதிநிதி. அந்த மக்களின் மொழி மனவருத்தத்தில் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அதே ஊருக்கு அவர் வேறொன்றைச் செய்தார். அவருக்குச் சிகிச்சை நடந்த மான்ட்ரியல் பொது மருத்துவமனையில் அப்போது உடலில் புற்று எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் கருவி கிடையாது. அந்தப் பரிசோதனைக்காக ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து ஷெர்ப்ரூக் நகரத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. குணமானதும் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, நிதி திரட்டி, அந்த மருத்துவமனைக்கே பெட் ஸ்கேன் கருவி வரச் செய்தார். அவருக்குப் பின்னால் வந்த நோயாளிகளுக்கு அந்த அலைச்சல் மிச்சமானது.

2009-ல் மான்ட்ரியல் அவரைப் போக விட்டது. அனஹைம் அணியில் நண்பர் செலான்னேயோடு ஐந்து வருடம் ஆடி, 2014 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். அதே வருடம் டிசம்பர் 18 அன்று மான்ட்ரியல் அவரைக் கூப்பிட்டுக் கௌரவித்தது. அன்றும் அந்த அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. நோய் தீர்ந்து அப்போது 12 வருடம் ஆகியிருந்தது.