கல்லடிப் பாலத்திலிருந்து கலாட்டா பாலம் வரை: கேள்வி பதில்

இருபத்திரண்டு வருடம் பயணிகள் கப்பல்களில் சமையற்கட்டில் நின்றவன் நான். துறைமுகத்தில் கப்பல் கட்டினால் எங்களுக்கு ஆறு மணித்தியாலமோ எட்டு மணித்தியாலமோ வெளியே போக விடுவார்கள். அப்படித் துண்டு துண்டாகப் பார்த்த ஊர்கள்தான் எல்லாம். இப்போது மட்டக்களப்பில், கல்லடியில் வீட்டோடு இருக்கிறேன். வாசிகசாலைக்கு வருகிறவர்கள் "எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம்" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கேள்விகளைத் தாளில் எழுதியே தந்துவிட்டார்கள். சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு தம்பி: முதல் வெளிநாட்டுப் பயணம் அண்ணன். சிங்கப்பூரா, துபாயா?

சிங்கப்பூர். துபாய்க்கு நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் வேலைக்குப் போய் வந்திருப்பார், கதை கேட்டே பாதி பார்த்தாயிற்று. போனாலும், தேராவுக்கும் பர்துபாய்க்கும் நடுவே ஓடும் அப்ரா படகில் ஏறாமல் வராதே. ஒரு திர்ஹம்தான். 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவைவிட எனக்கு அந்தப் படகுதான் பிடித்தது.

சிங்கப்பூரில் கார்டன்ஸ் பை த பே தோட்டத்துக்கு மாலையில் போ. இரும்பில் செய்து செடி படரவிட்ட பெரிய மரங்கள் நிற்கும். அவற்றின் கீழே நிற்கக் காசு இல்லை. இருட்டிய பிறகு பாட்டோடு ஒளிக்காட்சியும் உண்டு. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், மல்லாந்து படுத்துவிடு, எல்லோரும் அப்படித்தான். மறுநாள் சிராங்கூன் சாலை, தேக்கா சந்தை. அப்புறம் நேரம் கிடைத்தால் சிலோன் ரோட்டில் இருக்கும் செண்பக விநாயகர் கோயில். தெருப் பெயரே சொல்கிறதே, அங்கே குடியேறிய நம் நாட்டுத் தமிழர் வளர்த்த கோயில்.

காத்தான்குடியிலிருந்து: உம்ரா முடித்துவிட்டு உம்மாவுடன் இரண்டு நாள் இஸ்தான்புல்லில் தங்க யோசனை. எதை விடக்கூடாது?

ஆயா சோபியாவை நீங்கள் எப்படியும் பார்ப்பீர்கள். 537இல் தேவாலயமாக எழுந்தது, 1453இல் பள்ளிவாசலானது, இருபதாம் நூற்றாண்டில் அருங்காட்சியகமாக இருந்தது, 2020இல் மீண்டும் பள்ளிவாசல். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை 2024 முதல் மேல்மாடத்துக்குத்தான் விடுகிறார்கள், அதற்குக் கட்டணமும் உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால் சுலைமானியா. 1557இல் கட்டடக் கலைஞர் சினான் கட்டி முடித்த பள்ளிவாசல். கூட்டம் குறைவு, கட்டணம் இல்லை, முற்றத்தின் ஓரத்தில் நின்றால் கீழே நீர் தெரியும். உம்மா ஆறுதலாக உட்கார்ந்து எழும்பலாம். வெளியே மதிலோரம் தெரு மூலையில் ஒரு சின்னக் கல்லறை இருக்கும், தேடிப் பாருங்கள். சினானுடையது. சுல்தானுக்கு அவ்வளவு பெரிதாகக் கட்டியவர் தனக்கு எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவுதான்.

மாலையில் கலாட்டா பாலம். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள், கலாட்டா ஒன்றும் நடக்காது. கைப்பிடிக் கம்பியோரம் தோளோடு தோள் உரசத் தூண்டில்காரர் நிற்பார்கள். காலடியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி, அதில் விரல் நீள மீன்கள் துடிக்கும். இஸ்தாவ்ரித் என்றார் ஒருவர். எடுத்துப் பார்த்தேன், வாலடியில் சொரசொரவென்று அந்தக் கோடு. நம் பாரை மீனுக்குத் தம்பி முறை! மொழி தெரியாது, ஆனாலும் அரை மணித்தியாலம் அவரோடு நின்றேன். இரை கொத்துகிறபோது அவர் மூச்சைப் பிடிக்கிற விதம் அப்படியே நம் கல்லடிப் பழைய இரும்புப் பாலத்துத் தூண்டில்காரர்தான். பாலத்தடியிலிருந்து உஸ்குதாருக்குப் படகு போகும், இருபது நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியா. உம்மாவை மேல்தட்டில் உட்கார வையுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: விசா எடுத்துத் தருவீர்களா?

நான் சமையல்காரன் தம்பி. எந்த நாட்டுக்கு விசா வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அடிக்கடி மாறுகிறது. விமான டிக்கட்டுக்குக் காசு கட்டுமுன் அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தை நீரே பாரும், முகவர் சொன்னதை மட்டும் நம்பாதீர்.

ஒலுவிலில் பொறியியல் படிக்கும் மாணவி: ஒரு கட்டடத்தைப் பார்க்கவே ஒரு நாட்டுக்குப் போகலாம் என்றால் எது சேர்?

ஸ்பெயினில் பார்சலோனா, சக்ராடா ஃபமீலியா. 1882இல் தொடங்கிய தேவாலயம், மறு வருடம் கட்டடக் கலைஞர் கௌடி கையில் எடுத்தார். உள்ளே தூண்கள் மரம்போல மேலே கிளை விரிக்கும். காலையில் போனால் கிழக்குக் கண்ணாடி வழியே நீலமும் பச்சையும் இறங்கும், பின்னேரம் மேற்கிலிருந்து செம்மஞ்சள். நான் இரண்டு தடவை போனது அதற்காகத்தான்.

உங்களுக்கு வேண்டியது கீழேயிருக்கும் அருங்காட்சியகம், மகள். வேறொரு தேவாலயத்துக்காக கௌடி நூல்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, சின்னச் சின்னப் பாரப் பைகளைக் கட்டி, அவை தாமாக எடுத்த வளைவைத் தலைகீழாக்கி வளைவுக் கூரை வடிவமைத்தார். அந்த மாதிரியின் நகல் அங்கே தொங்குகிறது. தொங்கும்போது இழுவிசை, திருப்பினால் அமுக்கம் என்று உங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் போட்டிருப்பார். நான் பார்த்தது ஊஞ்சல் கயிறுகளைத்தான்.

நடுக் கோபுரத்துக்கு அவர் வைத்த உயரம் 172.5 மீட்டர், பக்கத்து மொன்ஜூயிக் குன்றைவிடக் கொஞ்சம் குறைவாக. மனிதன் கட்டுவது கடவுள் படைத்ததைத் தாண்டக்கூடாதாம். 1926இல் டிராம் மோதி இறந்தார். உடை கந்தலாக இருந்ததால் யாரும் அவரை அடையாளம் காணவில்லை. டிக்கட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

கல்லாற்றிலிருந்து ஒரு அக்கா: மகன் பாரிஸுக்குக் கூப்பிடுகிறான்.

போங்கோ அக்கா. லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை போக வேண்டாம், பூட்டியிருக்கும். ஒரே ஒரு நாள் கிடைத்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பியவன் சொல்கிறேன். மோனா லிசா நாம் நினைப்பதைவிடச் சின்னது, உயரம் 77 சென்டிமீட்டர்தான், அதுவும் நூறு கைபேசிகளுக்குப் பின்னால். தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பல் பக்கம் போனால் முருங்கைக்காய் முதல் எல்லாம் கிடைக்கும், கொண்டு போய்ச் சுமக்காதீர்கள்.

மட்டக்களப்பு நகரிலிருந்து: நம் வாவியை ஏன் வெனிஸ்போல ஆக்கக்கூடாது?

வெனிஸும் வாவிக்குள் இருக்கும் ஊர்தான், நூற்றுக்கு மேல் சின்னத் தீவுகள். அதன் அழகைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் எங்கள் கப்பல் கால்வாய் வழியே அந்த ஊருக்குள் நுழைந்தபோது மேல்தட்டிலிருந்து கீழே பார்த்தேன், வீட்டுக் கூரைகள் காலுக்குக் கீழே. ஜன்னலில் நின்ற ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்த பார்வை வரவேற்புப் பார்வை இல்லை. 2021இல் பெரிய கப்பல்களை அந்தக் கால்வாயில் தடை செய்தார்கள். 2024இல், கூட்டம் கூடும் நாட்களில் பகலுக்கு மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். பழைய ஊரில் குடியிருப்போர் ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். ஆக்குவதென்றால் இதையும் சேர்த்துத்தான் ஆக்க வேண்டும்.

சுவிஸிலிருந்து ஊருக்கு வரும் ஒரு தங்கச்சி: பிள்ளைகளுக்கு மட்டக்களப்பில் எதைக் காட்ட?

கோட்டையைக் காட்டுங்கள்: 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தது. அது ஒரு மணித்தியால வேலை. ஏப்ரல் முதல் செப்டெம்பருக்குள் வந்தால் பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துப் பக்கம் தோணி பிடியுங்கள். நடுவே போனதும் எல்லோரும் வாயை மூட வேண்டும். துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி மறு நுனியில் காதை வைத்தால், வீணை நரம்பைத் தட்டியதுபோல ஒன்று கேட்கும். மீன் பாடுகிறது என்பார்கள் சிலர், ஊரிச் சங்கு என்பார்கள் சிலர். எல்லா இரவும் கேட்காது என்று முதலே சொல்லி வையுங்கள். தோணிக்காரரிடம் பிள்ளைக்கொரு துடுப்புக் கேளுங்கள், ஒன்றே ஒன்றென்றால் சண்டை பிடித்துச் சத்தத்தையும் கெடுத்துவிடுவார்கள்.