அந்த சீட்டுக்கு ஆள் வந்தார்களா?

அன்புள்ள சார்,

என் மகள் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு வரும் பில்களைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றும் வேலை. போன வருஷத்திலிருந்து பெரும்பகுதியை மென்பொருளே செய்துவிடுகிறதாம். பயப்படுகிறாள். "வங்கியில் கம்ப்யூட்டர் வந்தபோதும் வேலை போய்விடும் என்று கொடி பிடித்தார்கள், யாருக்குப் போனது?" என்று தைரியம் சொல்லி வைத்திருக்கிறேன். வங்கியில் இருந்தவர் நீங்கள். நான் சொன்னது சரிதானே?

(பெயர் வேண்டாம் என்கிறார்), ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. என் கிளையில் கம்ப்யூட்டரால் ஒருவருக்குக்கூட வேலை போகவில்லை. அதற்குக் காரணமே நீங்கள் சொல்லும் அந்தக் கொடிதான். 1983 செப்டம்பரில் வங்கி நிர்வாகங்களும் சங்கங்களும் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் இயந்திரம் உள்ளே வந்தது. பேரேட்டில் கணக்கு ஏற்றும் லெட்ஜர் போஸ்டிங் மெஷினில் உட்காருபவருக்குத் தனி அலவன்ஸ் உண்டு. அது தெரிந்ததும், வாசலில் கோஷம் போட்டவர்களே சீனியாரிட்டி லிஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள். நானும்தான்.

போன வேலை என்ன தெரியுமா? சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடுவது. மாதம் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அப்போது வட்டி. பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி அந்தத் தொகையைப் பென்சிலால் குறிக்க வேண்டும். வட்டி சீசனில் ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா பார்சல் வரும், கூட்டிப் பார்த்தால் பத்துப் பைசா இடிக்கும், மறுபடி முதலிலிருந்து. 2010 ஏப்ரல் முதல் அன்றாட இருப்புக்கே வட்டி என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. கையால் என்றால் அதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. வாடிக்கையாளருக்கு நாலு காசு கூடக் கிடைத்தது. அந்த ராத்திரிகளுக்காக எனக்கு ஏக்கம் ஒன்றும் இல்லை.

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன். உள்ளே இருந்த எங்களைத்தான் ஒப்பந்தம் காப்பாற்றியது. 2000-01இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். கையில் பணம், கழுத்தில் மாலை, குரூப் போட்டோ. என் கிளையில் போனவர்களின் சீட் எதுவும் நிரம்பவில்லை. வங்கிகளுக்கு ஆளெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த வாரியங்களையும் 2001இல் கலைத்துவிட்டார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பையன், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கிளார்க் பரீட்சை அறிவிப்பு வரும் வரும் என்று பேப்பர் பார்த்தே வயது வரம்பைத் தாண்டினான். அப்புறம் சித்தப்பாவின் பெயிண்ட் கடையில் உட்கார்ந்தான். வேலை போனவர்கள் என்று யார் கணக்கெடுத்தாலும் அதில் அவன் வரமாட்டான். இருந்தால்தானே போவதற்கு?

அதனால் என் கதையைச் சொல்லி மகளைத் தேற்றாதீர்கள். எங்களுக்கு இருந்த சங்கமும் ஒப்பந்தமும் அவளுக்கு இல்லை. அவள் விசாரிக்க வேண்டியது, யாரையாவது அனுப்பினார்களா என்பதை அல்ல. போன வருஷம் தானாக விட்டுப்போனவர்களின் சீட்டுக்கு ஆள் வந்தார்களா? காலேஜ் முடித்த புதுப்பிள்ளைகள் யாராவது சேர்ந்தார்களா?

இன்னொன்று. மென்பொருள் முழிக்கும் பில்கள் இருக்குமே, ஆர்டருக்கும் பில்லுக்கும் தொகை ஒத்துப்போகாதவை, ஒரே பில் இரண்டு தடவை வந்தவை, அவை யார் மேசைக்குப் போகின்றன? எங்கள் கிளையில் எல்லாம் கம்ப்யூட்டர் ஆன பிறகும், இறந்தவர் கணக்கில் வாரிசுத் தகராறு என்றால் கூட்டம் ஒரு மேசையைத்தான் தேடிப் போகும். அந்த அம்மாவை ரிட்டயர் ஆகும்வரை மேனேஜர் வேறு கிளைக்கு விடவே இல்லை. அப்படிப்பட்ட பில்கள் உங்கள் மகளிடம் வருகின்றன என்றால் கொஞ்சம் மூச்சு விடலாம். வரவில்லை என்றால் இந்த மாதமே கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.